பொழச்சவ

தமிழ் அகராதியில் 'பிழைத்தல்' என்ற சொல்லுக்கு மூன்று பொருள் இருக்கிறது. சாவிலிருந்து தப்புவது. வேலை செய்து வயிறு கழுவுவது. தவறு செய்வது. மூன்றுக்கும் ஒரே சொல்லை வைத்தவர்கள் எங்கள் ஊர்ப்பக்கம் கொஞ்ச நாள் குடியிருந்திருப்பார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

திருப்பூரில் இரண்டாவது பொருள்தான் அதிகம் புழங்கும். தேனி, மதுரை, ராமநாதபுரம், இப்போது ஒடிசா, பீகார் என்று எங்கிருந்து வந்து இறங்கினாலும் அவர்களுக்கு இங்கே ஒரே பேர்தான்: பொழைக்க வந்தவங்க. எங்கம்மாவும் அப்பாவும் தாராபுரம் பக்கமிருந்து மண்ணரைக்கு வந்தபோது எனக்கு எட்டு வயது. கிணறு வற்றி, ஆடுகளை விற்றுவிட்டு வந்தார்கள். பதினாறு வயதில் நான் பனியன் கம்பெனிக்குள் கைமடியாக நுழைந்தேன். டெய்லர் தைத்துத் தள்ளுகிற பீஸை மடித்துக் கொடுப்பது, பிசிறு வெட்டுவது. அப்புறம் செக்கிங். அப்புறம் ஓவர்லாக். கடைசி ஏழு வருடம் சாம்பிள் டெய்லர். நடுவில் தபால் வழியில் பி.ஏ. தமிழ் முடித்தேன். ஒன்றரை ஷிஃப்ட் முடித்து ராத்திரி எட்டரைக்கு வந்து, சோறாக்கி வைத்துவிட்டுப் படித்த படிப்பு.

சாம்பிள் டெய்லர் என்றால் என்ன என்று இந்த ஊருக்கு வெளியே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். பையர் ஒரு படமும் அளவும் அனுப்புவார். அதைப் பார்த்து முதல் பீஸைத் தைப்பவள் அவள். அவள் தைத்தது ஓகே ஆனால்தான் அடுத்து ஐம்பதாயிரம் பீஸ் ஓடும். துணியைக் கையில் எடுத்ததும் இது சிங்கிள் ஜெர்சியா, இண்டர்லாக்கா, ரிப்பா, எத்தனை ஜிஎஸ்எம் என்று விரல் சொல்லிவிடும். எங்களுக்கு விரல்தான் படிப்பு.

2018 ஜூலையில் ஒரு ஆர்டர் ஓடியது. ரோஸ் கலர் டீ-ஷர்ட். நெஞ்சில் ஒரு ரிப்பன் பிரிண்ட், கீழே ஆங்கிலத்தில் 'சர்வைவர்' என்று ஒரு வார்த்தை. மேலை நாடுகளில் அக்டோபர் மாதம் மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதம். 1985-இல் தொடங்கிய வழக்கம் அது. ரோஸ் ரிப்பன் 1992-இல் வந்து ஒட்டிக்கொண்டது. அக்டோபரில் அங்கே நடைப்பயணம் போகிறவர்கள் போட்டுக்கொள்ள, ஆடி மாதத்தில் இங்கே தைக்க வேண்டும். சாம்பிள் நான்தான் தைத்தேன். கழுத்து ரிப் சரியாக உட்காரவில்லை என்று இரண்டு தடவை பிரித்தேன். அந்த வார்த்தைக்குத் தமிழில் என்ன என்று கைமடிப் பொண்ணு கேட்டாள். "பொழச்சவன்னு அர்த்தம் கண்ணு" என்றேன்.

ஆகஸ்ட் கடைசியில் குளிக்கும்போது இடது பக்கம் ஒரு கட்டி தட்டுப்பட்டது. கொய்யாக் கொட்டை மாதிரி கெட்டி. வலி இல்லை. 'வலிக்கலையே, அப்பறம் என்ன' என்று அம்மா சொன்னார். மார்பில் வருகிற இந்தக் கட்டி பெரும்பாலும் ஆரம்பத்தில் வலிக்காது என்று யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. ஷிப்மென்ட் முடியட்டும் என்று தளத்தில் சொன்னார்கள். நான் அடுத்த திங்கட்கிழமையே லீவு எழுதிக் கொடுத்துவிட்டுக் கோயம்புத்தூர் பஸ் ஏறினேன். செப்டம்பரில் ஆபரேஷன். மார்பை முழுதாக எடுத்தார்கள். அக்குளில் இருந்த நெறிகளையும் சேர்த்து. எனக்கு முப்பத்தி ஆறு வயது. பையன் ஆறாம் வகுப்பு.

*

மூன்றாவது பொருள் அப்போதுதான் வீட்டுக்குள் வந்தது.

தவறு. என்ன தவறு செய்தாய் என்று யாரும் நேராகக் கேட்பதில்லை. "கொழந்தைக்கு எத்தன மாசம் பால் குடுத்தே?" என்று கேட்பார்கள். "பாடி ரொம்ப இறுக்கமாப் போடுவியோ?" என்று கேட்பார்கள். பாடி போடுவதற்கும் புற்றுநோய்க்கும் சம்பந்தம் கிடையாது. ஆனாலும் ஜட்டியும் பாடியும் தைத்துத்தான் ஊரே சோறு தின்கிறது, அந்த ஊரிலேயே இந்தக் கேள்வி வருகிறது. சிலர் சாயத் தண்ணியைச் சொன்னார்கள். நொய்யலில் சாயக்கழிவு ஓடியதையும், 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதையும் நாங்கள் கண்ணால் பார்த்திருக்கிறோம். ஆனால் ஒரு தனி மனுஷியின் கட்டிக்கு இதுதான் காரணம் என்று ஒன்றைக் கைகாட்ட எந்த டாக்டராலும் முடியாது. 2022-இல் இந்தியாவில் புதிதாக மார்பகப் புற்றுநோய் வந்த பெண்கள் சுமார் 1,92,000 பேர் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் கணக்கிடுகிறது. அத்தனை பேருமா பால் கொடுக்காமல் விட்டார்கள்?

கீமோவில் முடி கொட்டி, புருவம் கொட்டி, காதில் கழுத்தில் ஒன்றும் போடாமல் வாசலில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து லைன் வீட்டுப் பாட்டி பார்த்துவிட்டு, "ஏஞ் சாமி, இப்பிடி மூளியா ஒக்காந்திருக்கறே" என்றார். பாசத்தில் சொன்னதுதான். எங்கள் மண்ணரையில் இருக்கும் குளத்துக்குப் பெயர் மூளிக்குளம். மூளி என்றால் காது, மூக்கு என்று ஏதோ ஒன்று குறைந்தது. நகை இல்லாமல் வெறிச்சென்று இருப்பது. தினமும் சொல்கிற பெயர்தான். அந்தச் சொல் ஒரு பெண்ணைச் சொல்லும் சொல் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

கை தூக்குகிற பயிற்சிக்காகக் காலையில் குளத்துப் பக்கம் நடக்க ஆரம்பித்தேன். நெறி எடுத்த கை தோளுக்கு மேலே போகாது. சுவரில் விரல்களை எறும்பு மாதிரி ஏற்றிக்கொண்டே போக வேண்டும், ஒவ்வொரு நாளும் ஒரு விரக்கடை கூட. வீட்டுச் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு வைத்தது என் பையன். ஒருபக்கம் அவன் உயரத்துக்குக் கோடு, இன்னொருபக்கம் என் கைக்குக் கோடு.

*

நோய் வந்தவர்களைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. போராளி என்பார்கள், மறுபிறவி என்பார்கள், புன்னகையோடு வென்றார் என்பார்கள். நான் படித்த அப்படிப்பட்ட கட்டுரைகளில் யாருக்கும் வாடகை பாக்கி இருந்ததில்லை. எங்களுக்குப் பிழைத்த மறுநாளே அடுத்த கேள்வி வந்துவிடும்: இனி எப்பிடிப் பொழைக்கறது?

இஎஸ்ஐ-யில் இதற்கு வழி இருக்கிறது. வேலைக்குப் போகிற ஒவ்வொரு பெண்ணும் தெரிந்து வைத்திருக்க வேண்டிய வழி. சாதாரண உடம்பு சரியில்லாததற்கு வருடத்துக்கு 91 நாள் வரை, கூலியில் 70 சதவீதம் தருவார்கள். புற்றுநோய் உட்பட நீண்டநாள் நோய்கள் 34-ஐப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். அவற்றுக்கு 80 சதவீதம், இரண்டு வருடம் வரைக்கும் நீட்டலாம். ஆனால் இரண்டு வருடம் தொடர்ந்து வேலையில் இருந்திருக்க வேண்டும், அதில் வருகிற நான்கு அரையாண்டுக் காலங்களில் 156 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். இங்கேதான் சிக்கல். ஒரே தளம், ஒரே மெஷின், ஒரே நாற்காலி. ஆனால் நடுவில் காண்ட்ராக்ட்காரர் மாறியிருப்பார், பெயர் வேறு புத்தகத்துக்குப் போயிருக்கும். பீஸ் ரேட்டில் தைப்பவளுக்குப் பல இடங்களில் பெயரே இருக்காது. என் கணக்கில் ஐந்து மாதம் காணாமல் போயிருந்தது. யாரைக் கேட்டாலும் அடுத்தவரைக் கைகாட்டினார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்ததால் ஆபரேஷனும் கீமோவும் நடந்தன. அந்த அட்டை வைத்தியத்துக்கு; அரிசிக்கு அல்ல. அரிசிக்கு என் வீட்டுக்காரர் நிட்டிங் கம்பெனியில் நைட் ஷிஃப்ட் போனார்.

அவர் நைட் ஷிஃப்ட் கேட்டு வாங்கியதற்குக் காசு மட்டும் காரணமில்லை என்று எனக்குத் தெரியும். ஒரு அறை வீட்டில் நான் ஜாக்கெட் மாற்றும்போது அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். கோபமோ அருவருப்போ இல்லை, பயம். எட்டு மாதம் நாங்கள் பகலும் ராத்திரியுமாக மாறி மாறித் தூங்கினோம். அதைப் பற்றி நாங்கள் இன்றுவரை பேசவில்லை. ஒரு நாள் ஷிஃப்ட் முடிந்து வந்தவர், நான் ட்ரெஸ்ஸிங் மாற்றுவதைப் பார்த்துவிட்டு வெளியே போகாமல் பஞ்சை எடுத்துக் கொடுத்தார். அவ்வளவுதான் நடந்தது.

2019 ஆகஸ்டில் மறுபடி கம்பெனிக்குப் போனேன். துணியைக் கையில் எடுத்தேன். விரல் ஒன்றும் சொல்லவில்லை. பாக்லிடாக்சல் என்கிற மருந்து நுனி நரம்புகளை மரத்துப்போக வைக்கும். கையுறை போட்டுக்கொண்டு துணியைத் தொடுகிற மாதிரி. ஓவர்லாக் ஊசியில் நூல் கோர்க்க ஐந்து தடவை ஆனது. இடது கை பதினோரு மணிக்கெல்லாம் கனத்துவிடும். நெறி எடுத்த கையில் நீர் வடியும் வழி குறைந்துபோவதால் வீங்கும். அந்தக் கையில் ஊசி போடக்கூடாது, பிரஷர் பார்க்கக்கூடாது, வெட்டுக்காயம் படக்கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். கத்திரியும் ஊசியும்தான் எங்கள் ஆயுதமே. பத்து நாள் பார்த்தார்கள். "ஒடம்பு நல்லா தேறட்டும்மா, அப்பறம் பாத்துக்கலாம்" என்று சனிக்கிழமைச் சம்பளக் கவரைக் கையில் கொடுத்தார்கள். நல்ல மனுஷர்கள்தான். அந்த 'அப்பறம்' இன்னும் வரவில்லை.

*

ரேடியேஷனுக்கு 25 நாள் தினமும் கோயம்புத்தூர் போய் வந்தபோது, வெளியே பெஞ்சில் எங்களுக்கு ஒரு கூட்டம் சேர்ந்திருந்தது. பெயர் போட வேண்டாம் என்று எல்லாரும் சொல்லியிருக்கிறார்கள், அதனால் ஊர்ப் பெயரிலேயே சொல்கிறேன். பல்லடத்து அக்கா விசைத்தறியில் தார் போட்டவர். அவிநாசி டீச்சர், நர்சரி பள்ளிக்கூடம். ஊத்துக்குளி ஆத்தாவுக்கு எருமைகள். இன்னொரு பெண், ஒடிசாக்காரி, இருபத்தொன்பது வயது, செக்கிங்கில் இருந்தவள். தமிழில் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் 'பீஸ்', 'சீக்கிரம்', 'ஆல்ட்டர்'. நர்ஸ் சொல்வதை நான் கையைக் காட்டி அவளுக்கு விளக்குவேன்.

மார்பு இருந்த இடத்தில் என்ன வைப்பது என்பதுதான் அந்த பெஞ்சில் அதிகம் பேசிய விஷயம். கடையில் சிலிக்கான் ஒன்று இருந்தது. எனக்குச் சொன்ன விலை ஒன்பதாயிரம். என் வாரச் சம்பளம் 2,700. வாங்கினாலும் எங்கள் ஊர் வெயிலில் அது தோலோடு ஒட்டி வேர்த்துக் கொட்டும் என்று டீச்சர் சொன்னார். பல்லடத்து அக்கா பஞ்சு வைத்துப் பார்த்திருக்கிறார். கனம் இல்லாததால் அது கழுத்துக்கு ஏறிவிட்டதாம். ஊத்துக்குளி ஆத்தா சின்னப் பையில் ராகியைப் போட்டுத் தைத்து வைத்துக்கொண்டார். கனம் சரியாக இருந்தது. ஒரு நாள் மழையில் நனைந்து வந்தவர், "ரெண்டு நாளு உட்டா மொளைச்சிரும் போல இருக்குது அம்மிணி" என்றார். ரேடியேஷன் ரூமுக்கு வெளியே அப்படி ஒரு சிரிப்பு அதற்கு முன்னால் கேட்டிருக்காது.

இந்தக் கேள்வி எங்களுக்கு மட்டும் வந்ததில்லை. அமெரிக்காவில் ரூத் ஹேண்ட்லர் என்று ஒருவர். மேட்டல் கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1959-இல் பார்பி பொம்மையைக் கொண்டுவந்தவர். 1970-இல் அவருக்கு மார்பகப் புற்றுநோய் வந்து ஒரு பக்கம் எடுத்தார்கள். கடையில் கிடைத்த செயற்கை மார்புகள் அவருக்குப் பிடிக்கவில்லை. கம்பெனிக் கணக்கு விவகாரத்தில் சிக்கி மேட்டலை விட்டும் போக வேண்டி வந்தது. அறுபதை நெருங்கும் வயதில், 1976-இல், 'நியர்லி மீ' என்ற பெயரில் செயற்கை மார்பு தயாரிக்கும் தொழிலைத் தொடங்கினார். இடது, வலது என்று தனித்தனியாக, அளவு வாரியாக. 2002-இல் அவர் இறந்தபோது பார்பியைப் பற்றித்தான் எல்லாரும் எழுதினார்கள். எனக்கு இந்த இரண்டாவது தொழில்தான் பெரிதாகப் படுகிறது.

அதற்கு நேரெதிர் ஆட்ரி லார்ட். கறுப்பினக் கவிஞர். இளம் வயதில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். 1978-இல் அவருக்கு மார்பை எடுத்தார்கள். செயற்கை மார்பு வைத்துக்கொள்ளாமல் டாக்டரைப் பார்க்கப் போனபோது, நர்ஸ் அவரைக் கண்டித்திருக்கிறார். இப்படி வந்தால் மற்ற நோயாளிகளின் மனம் தளரும் என்று. 1980-இல் வந்த 'தி கேன்சர் ஜர்னல்ஸ்' புத்தகத்தில் இதை எழுதியிருக்கிறார். நாங்கள் எல்லாரும் துணியை அடைத்து மறைத்துக்கொண்டால், எங்களில் ஒருத்தி இன்னொருத்தியை எப்படி அடையாளம் காண்பாள் என்பது அவருடைய கேள்வி.

யார் பக்கம் நிற்பது? படிக்கும்போது நான் ஆட்ரி லார்ட் பக்கம். காலை எட்டு மணிக்கு டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கும்போது ரூத் ஹேண்ட்லர் பக்கம். வைப்பதும் வைக்காமல் விடுவதும் அவளவள் இஷ்டம் என்று சொல்வது சுலபம். ஒன்பதாயிரம் இல்லாதவளுக்கு இஷ்டம் ஏது? முதலில் கைக்கெட்டுகிற விலையில் ஒன்று வேண்டும். வேண்டாம் என்று சொல்வதற்காகவாவது.

*

2020 மார்ச்சில் லாக்டவுன். பனியன் கம்பெனிகள் மூடின. கொஞ்ச நாளில் ஊர் முழுக்க முகக்கவசம் தைக்க ஆரம்பித்தது. பழைய பவர் மெஷின் ஒன்றை ஒரு அண்ணன் தவணைக்குத் தந்தார். முகக்கவசத்துக்குப் பெரிய கைத்திறன் தேவையில்லை. மரத்த விரலுக்கு அது நல்ல பள்ளிக்கூடம். துணியை விரல் நுனியால் பார்க்க முடியாமல் போனபோது, உள்ளங்கையின் ஓரத்தால், சில சமயம் கன்னத்தில் ஒற்றிப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். ஒரு வருடத்தில் விரலிலும் பாதி உணர்ச்சி திரும்பியது. மீதி இன்னும் வரவில்லை.

2021 தைப்பொங்கலுக்கு ஊத்துக்குளி ஆத்தா பேசினார். "நீதான் டெய்லராச்சே, எனக்கு ஒண்ணு தெச்சுக் குடேன் கண்ணு, கேவுறு வேண்டாம்" என்றார்.

தேடிப் பார்த்தேன். அமெரிக்காவில் பார்பரா டெமோரெஸ்ட் என்பவர் 2011-இல் தன் ஆபரேஷனுக்குப் பிறகு, பருத்தி நூலில் கையால் பின்னிய மார்பைப் பற்றித் தெரிந்துகொண்டு, அதைத் தன்னார்வலர்கள் பின்னி இலவசமாகக் கொடுக்கும் 'நிட்டட் நாக்கர்ஸ்' அமைப்பைத் தொடங்கியிருந்தார். நம் நாட்டிலும் மும்பையில் ஜெயஸ்ரீ ரத்தன், தானே இந்த நோயைக் கடந்து வந்தவர், சாயிஷா இந்தியா ஃபவுண்டேஷன் வழியாக அதே வேலையைச் செய்கிறார். எடை இல்லை, வேர்க்காது, துவைக்கலாம். எனக்கு வெட்கமும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. உலகத்துக்கே பின்னலாடை அனுப்புகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு நாங்கள் ராகியைக் கட்டிக்கொண்டு அலைகிறோம்.

கைப்பின்னல் எனக்கு வராது. வந்ததைச் செய்தேன். முதலில் பாடி. சாதாரண பாடியில் கொக்கி முதுகில் இருக்கும். கை பின்னால் போகாதவளுக்கு அது ஆகாது. முன்பக்கம் கொக்கி வைத்தேன். தோள்பட்டை அகலமாக, இல்லாவிட்டால் வெட்டிய பக்கம் அறுக்கும். உள்பக்கம் இண்டர்லாக் துணியில் ஒரு பை, பக்கவாட்டில் திறப்பு. தையல் எல்லாம் வெளிப்பக்கம். தழும்பில் ஓவர்லாக் மடிப்பு உரசினால் எப்படி இருக்கும் என்பது தழும்பு இருப்பவளுக்குத்தான் தெரியும். அப்புறம் உள்ளே வைக்கிற மார்பு: மேலே மெல்லிய சிங்கிள் ஜெர்சி, உள்ளே பாலியஸ்டர் பஞ்சு, அடியில் மட்டும் கொஞ்சம் கனத்துக்கு, துவைக்கும்போது கழற்றி எடுக்கிற மாதிரி தனிப் பையில் கண்ணாடி மணி. பதினொரு சாம்பிள் தைத்தேன். பல்லடத்து அக்காதான் எனக்கு பையர். அவரை மாதிரி கறாரான பையரை எக்ஸ்போர்ட்டில் கூடப் பார்த்ததில்லை. "இது கூம்பாட்டம் நிக்குது", "இது பக்கத்தூட்டுக்குப் போகுது" என்று ஒன்பதைத் திருப்பி அனுப்பினார். ஆல்ட்டர், ஆல்ட்டர், ஆல்ட்டர்.

ஆபரேஷனான உடனே யாருக்கும் தருவதில்லை; புண் ஆறி, டாக்டர் சரி என்று சொன்ன பிறகுதான். வீக்கத்துக்குப் போடும் கைச்சட்டையையும் தைத்துத் தரச் சொல்லி நிறையப் பேர் கேட்கிறார்கள். என்னுடையதை உள்பக்கம் திருப்பிப் பார்த்திருக்கிறேன். லைக்ரா கலந்து பின்னிய அருமையான துணி, மணிக்கட்டில் இறுக்கம் அதிகம், மேலே போகப் போகக் குறையும். ஆனால் அது அளந்து கொடுக்கிற அழுத்தம். தப்பாகப் போனால் வீக்கம் கூடிவிடும். அதை நான் தைப்பதில்லை, ஆஸ்பத்திரியில் அளவெடுத்து வாங்கிக்கொள்ளச் சொல்கிறேன்.

ஒரு பாடியும் மார்பும் சேர்த்து 350 ரூபாய். முடியாதவர்களுக்குத் துணிக்காசு மட்டும். இப்போது இரண்டு மெஷின். மாதம் அறுபது, எழுபது போகிறது. மீதி நாளுக்கு நைட்டி, பாவாடை. கம்பெனியில் வாங்கிய சம்பளம் இன்னும் வரவில்லை. முக்கால்வாசி வருகிறது. பதினொரு மணிக்குக் கை கனத்தால் யாரையும் கேட்காமல் கையைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு அரை மணி நேரம் படிக்கிறேன். என் வீட்டுக்காரர் ஷிஃப்ட் முடிந்து வந்து எலாஸ்டிக் வெட்டிக் கொடுக்கிறார். முதல் மாதம் அந்த மார்புகளைக் கையில் எடுக்கக் கூச்சப்பட்டார். இப்போது "இந்த லாட்டுல பஞ்சு ஒரே பக்கம் கட்டிப்போச்சு" என்று செக்கிங் பண்ணுகிறார்.

*

பெஞ்சில் இருந்தவர்களில் எல்லாருக்கும் இப்படி அமைந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பல்லடத்து அக்கா தறியை விட்டுவிட்டுக் காலையில் இட்லிக் கடை போடுகிறார். ஆத்தா எருமைகளை விற்று நான்கு ஆடு வாங்கிக்கொண்டார். பால் கறக்கக் கை ஒத்துழைக்கவில்லை. டீச்சருக்கு 2022-இல் எலும்பில் திரும்பி வந்தது. கடைசி வரைக்கும் பாடி வாங்கிக்கொண்டிருந்தார், நான் காசு வாங்காததால் பையனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். ஆடியில் போய்விட்டார். அவர் ஜெயிக்கவில்லை என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன். நோய் ஒன்றும் பந்தயம் இல்லை. ஒரே மருந்து, ஒரே அளவு. ஒருத்திக்குக் கேட்கிறது, ஒருத்திக்குக் கேட்பதில்லை. ஒடிசாப் பெண் ரேடியேஷன் முடிந்ததும் ரயிலேறினாள். போன வருடம் ஒரு போட்டோ அனுப்பியிருந்தாள், முடி வளர்ந்து, மஞ்சள் புடவையில். கீழே தமிழில் எழுத யாரையோ கேட்டு எழுதியிருந்தாள்: 'ஆல்ட்டர் ஓகே'.

சோகத்திலிருந்து ஒரு வேலையைத் தைத்தெடுப்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923-இல் புற்றுநோயில் இறந்தார். அந்தச் சாவைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் முப்பது வருடம் அதை விடாமல் பிடித்திருந்து, 1954-இல் அடையாறில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் ஆஸ்பத்திரியைத் திறக்க வைத்தார். அடுத்த வருடம் அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021 ஜனவரியில் இறக்கும்வரை அந்த வளாகத்தை விட்டுப் போகவில்லை. புற்றுநோய் என்றால் சாவுதான் என்ற பேச்சை அவர் வாழ்நாள் முழுக்க மறுத்துக்கொண்டே இருந்தார். என் வேலையை அதனோடு ஒப்பிடவில்லை. அவர்கள் கட்டியது ஆஸ்பத்திரி, நான் தைப்பது பாடி. ஆனால் அங்கிருந்து பிழைத்து வெளியே வருகிறவளுக்கு வாசலில் ஒரு பாடி வேண்டுமே.

போன மாதம் ஒரு பெண் வந்தாள். இருபத்தி ஏழு வயது, சிங்கர் டெய்லர். வந்ததிலிருந்து நாற்காலி நுனியிலேயே உட்கார்ந்திருந்தாள். அளவெடுக்க டேப்பைக் கையில் எடுத்ததும், "அக்கா, வெளக்க அணைச்சிரட்டுங்களா?" என்றாள். அணைத்தால் நம்பர் தெரியாது என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். முதுகிலிருந்தே அளவெடுத்தேன், அதுவும் முடியும். ட்ரையலுக்கு வந்த அன்றைக்குப் போட்டுப் பார்த்துவிட்டுக் கையை மேலே தூக்கி, கீழே இறக்கி, குனிந்து, நிமிர்ந்து, அங்கேயே கிடந்த மெஷினில் உட்கார்ந்து ஒரு சின்னத் துணியைத் தைத்துப் பார்த்தாள். "ஒண்ணும் ஏறலீங்கக்கா" என்றாள். அப்புறம் தைத்த துணியைத் திருப்பிப் பார்த்து, "உங்க மெஷின்ல டென்ஷன் லூசா இருக்குதுங்க" என்று ஸ்க்ரூவைத் திருகிவிட்டு, சனி, ஞாயிறு வந்து தைக்கட்டுமா, பீஸுக்கு எவ்வளவு தருவீங்க என்று கேட்டாள். ரேட் பேசி முடிக்க ஒரு டீ ஆனது. நான் சொன்னதைவிட இரண்டு ரூபாய் ஏற்றித்தான் ஒத்துக்கொண்டாள்.

எனக்கு டமாக்ஸிஃபென் மாத்திரை ஐந்து வருடம் முடிந்து, பத்து வருடம் சாப்பிடச் சொல்லியிருக்கிறார்கள். ராத்திரி திடீரென்று உடம்பு கொதிக்கும். ஃபேனுக்கு நேராகப் போய் நின்றுகொள்வேன். அடுத்த செவ்வாய்க்கிழமை ஸ்கேன். ஒவ்வொரு ஸ்கேனுக்கும் முன்னால் மூன்று நாள் சோறு இறங்காது, இந்தத் தடவையும் இறங்கவில்லை. புதன்கிழமைக்கு இருபது பீஸ் கேட்டிருக்கிறார்கள். பன்னிரண்டு ஆகிவிட்டது. மீதி எட்டையும் கட்டிங் போட்டு அந்தப் பெண் கையில் கொடுத்துவிட்டுத்தான் கோயம்புத்தூர் பஸ் ஏற வேண்டும்.